உப்புத் தண்ணியில் கலக்கிய சோப்பு

குருசுக்குப்பத்துக்கு வந்து பஞ்சநாதன் வீடு எது என்று கேட்டால், "எந்தப் பஞ்சநாதன், சோப்பு பஞ்சநாதனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். போன வருஷம் வரைக்கும் அவனுக்கு அந்தப் பட்டம் கிடையாது. அணியத்துப் பஞ்சநாதன் என்றுதான் சொல்வார்கள். படகின் முன்மூக்குக்கு அணியம் என்று பேர். அங்கே நின்று அலையைப் பார்த்து, இப்போது விடு, இப்போது நில் என்று சொல்கிற ஆள் அவன்.

எனக்கு அவன் தம்பி முறை, அக்கா என்றுதான் கூப்பிடுவான். என் அம்மாவும் அவன் அம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். என் அம்மாவை உள்ளூரிலேயே கொடுத்தார்கள், சின்னம்மாவைக் கனகசெட்டிக்குளத்தில் கொடுத்தார்கள். அங்கே சின்னம்மா கருவாடு போட்டுப் பிழைத்தாள். பஞ்சநாதனுக்கு ஏழு வயதாகும்போது அவன் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கருவாட்டுக் கூடையோடு அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அன்றைக்கு என் பாயில் படுத்தவன்தான். பதினாலு வயதில் கட்டுமரம் ஏறினான். கட்டுமரம் போய் பைபர் போட்டு வந்தது, துடுப்பு போய் இஞ்சின் வந்தது, அவன் மட்டும் அணியத்தை விட்டு நகரவில்லை. எங்கள் தெரு கன்னியப்பனின் தங்கை சாந்தியைக் கட்டினான். போட்டு கன்னியப்பனுடையது. மச்சான்கள் இரண்டு பேரும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாகவே கடலுக்குப் போனவர்கள். பஞ்சநாதனுக்கு ஒரே மகன், விமல்ராஜ். அவன் சேதராப்பட்டில் கம்பெனிக்குப் போகிறான். கடல் வேண்டாம் என்று அப்பனே சொல்லித்தான் அனுப்பினான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம், கரையேறுகிற நேரத்தில் போட்டு குறுக்கே திரும்பிவிட்டது. எங்கள் கரையில்தான் அரிப்புக்குக் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்களே. போட்டுக்கும் கல்லுக்கும் நடுவே இவன் வலது தோள் மாட்டிக்கொண்டது. உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். கை இருக்கிறது. சோறு பிசையும், சட்டை போடும். காதுக்கு மேலே மட்டும் போகாது. காதுக்கு மேலே போகாத கையை வைத்துக்கொண்டு வலை இழுக்க முடியுமா?

வீட்டில் உட்கார்ந்தான். அதுகூடப் பழகிவிடும். பழகாதது கறிமீன்.

எங்கள் வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். போட்டு கரைக்கு வந்ததும், ஏலம் விடுவதற்கு முன்னால், கடலுக்குப் போன ஒவ்வோர் ஆளுக்கும் குழம்புக்கென்று கொஞ்சம் மீன் பிரித்துக் கூறு கூறாக மணலில் வைப்பார்கள். அதுதான் கறிமீன். கடலுக்குப் போனவனுக்குத்தான் கூறு. பஞ்சநாதன் போகாத பிறகும் கன்னியப்பன் தினம் ஒரு பை கறிமீனைத் தங்கச்சி வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவான். உள்ளே வர மாட்டான். இவன் முகத்தைப் பார்த்தால் இரண்டு பேருக்குமே சங்கடம்.

அந்த மீனை இவன் தொடமாட்டான். முதலில் வயிறு சரியில்லை என்றான். பிறகு பல் வலி என்றான். சாந்தி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அங்கிருந்து அவள் மிச்சம் கொண்டுவந்து குழம்பு வைத்தால் சாப்பிடுவான். கதவில் தொங்கின மீன் என்றால் ரசத்தைக் கேட்பான். ஒரு நாள் அவள் கேட்டே விட்டாள்.

"ஏய்யா, எல்லாம் ஒரே கடலு மீனுதான? இதுல இன்னா முள்ளு கூடவா இருக்குது?"

"அது நீ தலையில சொமந்து சம்பாரிச்சது. இது நான் போவாத கடலு. எனக்கு எதுக்குக் கூறு?"

"எங்க அண்ணன் பாசத்துல குடுக்குது."

"பாசத்துல குடுக்குறதுதான் எறங்க மாட்டேங்குது."

இதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனிடம் கொடுக்காதே என்று சொல்ல முடியாது. புருஷனிடம் சாப்பிடு என்று சொல்லவும் முடியாது. பாதி நாள் அந்த மீன் என் வீட்டுக் குழம்பில்தான் வெந்தது. எனக்கும்தான் அது இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போது சாந்தியின் மகளிர் குழுவுக்கு ஒரு பயிற்சி வந்தது. பாத்திரம் கழுவுகிற, கை கழுவுகிற சோப்புத் தண்ணியை வீட்டிலேயே செய்வது எப்படி என்று மூன்று நாள் வகுப்பு. முத்தியால்பேட்டையில் ஒரு கூடத்தில் நடத்தினார்கள். பெயர் கொடுத்த அத்தனை பேரும் வர வேண்டும். காலையில் மார்க்கெட்டை விட்டுவிட்டு சாந்தி எப்படிப் போவாள்? குழுத் தலைவி ராஜாம்பாள் வாசலில் நின்று வழி சொன்னாள்.

"உன் வீட்டுக்காரர அனுப்பு. சும்மாதான இருக்காரு."

உள்ளே இருந்த பஞ்சநாதனுக்கு அந்த 'சும்மா' நன்றாகக் கேட்டது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"எத்தினி மணிக்கு வரணும்?" என்றான்.

வகுப்பில் அவனைத் தவிர அத்தனையும் பெண்கள். சொல்லிக்கொடுக்க வந்த பெண் சுடர்விழி, விமல்ராஜைவிடச் சின்னவள். இவனைப் பார்த்ததும், "ஐயா, யாரக் கூட்டிட்டுப் போவ வந்தீங்க? முடிய ஒரு மணி ஆவும்" என்றாள். இவன் போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்தான். அவள் பேர் கூப்பிட ஆரம்பித்தாள்.

"சாந்தி. சாந்தி வந்திருக்காங்களா?"

"நான்தாம்மா" என்றான் பஞ்சநாதன்.

கூடமே சிரித்தது. ராஜாம்பாள் விடவில்லை. "சாந்திக்கு மீசை எடுக்கச் சொல்லும்மா, சோப்புல முடி வுழும்."

"மீசையிலயே தொடைச்சிக்கறேன், நீ உன் குண்டானப் பாரு" என்றான் இவன். அதற்கப்புறம் அவனை யாரும் வேற்றாளாகப் பார்க்கவில்லை.

செய்முறை பெரிய வித்தையில்லை. ஜெல் என்று ஒன்று, வெள்ளையாக, அல்வா போலக் கெட்டியாக இருக்கும். அதைப் பக்கெட்டில் போட்டு ஒரே பக்கமாகக் கட்டையால் சுற்ற வேண்டும். சுற்றிக்கொண்டே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். சலவைச் சோடாவைத் தனியே கரைத்துச் சேர்க்க வேண்டும். கடைசியில் உப்புக் கரைசல். உப்பு விழுந்ததும் தண்ணியாக இருப்பது தேன் மாதிரி கெட்டியாகும். கெட்டியானதும் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் கலர், எலுமிச்சை வாசனை. நுரை அடங்க ஒரு ராத்திரி மூடி வைத்தால் முடிந்தது.

மற்றவர்களுக்கு அரை மணியில் கை கடுத்தது. இவன் இடது கையாலேயே ஒரே சீராகச் சுற்றினான். இஞ்சின் கைப்பிடியை மணிக்கணக்காய்ப் பிடித்த கையாயிற்றே. மறுநாள் பார்த்தால் அவன் பக்கெட்டில்தான் சோப்பு கம்பி கம்பியாக இறங்கியது. சுடர்விழி அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். "சாந்தி ஐயா பண்ணதப் பாருங்க" என்றாள். அந்தப் பேரும் கொஞ்ச நாள் ஓடியது.

மூன்றாம் நாள் ஆளுக்கு ஒரு பை நிறைய சாமான் கொடுத்து அனுப்பினார்கள். நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, இத நல்லாப் பண்ணிட்டேன்னா மொதல்ல மச்சான் போட்டுக்குத்தான் குடுப்பேன். அவனுங்க இஞ்சின் எண்ணெயை மண்ணப் போட்டுத் தேச்சிக்கிட்டு நிக்கறானுங்க. குடுத்துட்டு அப்புறம் அந்த மீனத் திம்பேன்."

அவன் மனசில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுப் பின்பக்கம் இரண்டு பக்கெட் வைத்து ஆரம்பித்தான். அங்கேதான் பிசகு நடந்தது. இதைக் கடற்கரைக்காரன் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டான். எங்கள் வீடுகளில் இரண்டு தண்ணீர். குழாயில் நேரத்துக்கு வருவது நல்ல தண்ணீர், அது குடிக்க, சோறு வடிக்க. ஆழ்துளைப் போரில் வருவது உப்புத் தண்ணீர், அது துணிக்கும் பாத்திரத்துக்கும். சின்ன வயசிலிருந்து கைக்குப் பழகின பிரிவினை அது. நல்ல தண்ணீரைக் கொண்டுபோய் யாராவது சோப்பில் ஊற்றுவார்களா? பாத்திரம் கழுவத்தானே சோப்பு? அவன் போர்த் தண்ணியைப் பிடித்து ஊற்றிக் கலக்கினான்.

பாதி உப்புக் கரைசல் விடும்போதே கொஞ்சம் கெட்டியாகி வந்ததாம். சொன்ன அளவு இன்னும் இருக்கிறதே என்று மீதியையும் விட்டான். சட்டென்று இளகிவிட்டது. உப்பு போதவில்லை என்று நினைத்துக்கொண்டான். கருவாட்டுக்காரி பிள்ளை அல்லவா, மீன் இளகினால் இன்னும் ஒரு கை உப்பைப் போடு என்று பார்த்து வளர்ந்தவன். ஒரு கை போட்டான். இன்னும் இளகியது. இன்னொரு கை. சோடாவும் கொஞ்சம் கூடவே விட்டுப் பார்த்தான். நான் போனபோது இரண்டு பக்கெட்டிலும் அரிசி கழுவின தண்ணி மாதிரி நின்றது. அவன் கட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"தண்ணியாப் போச்சுக்கா" என்றான். தோள் உடைந்த அன்றைக்குக்கூட அந்தக் குரலில் அவன் பேசியதில்லை.

மறுநாள் ராஜாம்பாள் வீட்டிலிருந்து சுடர்விழிக்குப் போன் போட்டான். ராஜாம்பாள் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"எந்தத் தண்ணி ஊத்தனீங்க ஐயா?"

"போர்த் தண்ணிதாம்மா."

"அதுலயே உப்பு இருக்குதே ஐயா. உப்பு ஒரு அளவு வரைக்கும்தான் கெட்டியாக்கும். தாண்டிச்சுன்னா நேர்மாறா நீத்துப்பூடும். கொட்டிடாதீங்க. வெள்ளிக்கெழம ஜெல்லு எடுத்துட்டு வரேன், நல்ல தண்ணி ஊத்திச் சரி பண்ணலாம்."

"ஏம்மா, இத வகுப்புலயே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள் ராஜாம்பாள்.

"சோப்புக்கு உப்புத் தண்ணி ஊத்துவாங்கன்னு எனக்குத் தெரியலயேக்கா. எங்க ஊரு பாகூர் பக்கம். அங்க ஒரே தண்ணிதான்."

பஞ்சநாதன் சிரிக்கவில்லை. பக்கெட்டுகள் மேல் பலகையைப் போட்டு மூடிவிட்டான். பின்பக்கம் போவதையே நிறுத்திவிட்டான்.

சாந்தி போனாள். மார்க்கெட்டிலிருந்து வந்த கையோடு பலகையைத் தள்ளி, ஒரு சொம்பு மொண்டு கையைக் கழுவிப் பார்த்தாள். தண்ணியாக இருந்தால் என்ன, நுரைத்தது. மத்தி வாடைகூடப் போனது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பழைய தண்ணி பாட்டிலில் ஊற்றி மறுநாள் காலை மீன் எடுக்கப் போகும்போது கூடையில் போட்டுக்கொண்டாள்.

கரையில் மீனைப் பொறுக்கி முடித்ததும் அலை ஓரம் குனிந்து கையைக் கழுவியிருக்கிறாள். கடல் தண்ணியில் கட்டிச் சோப்பு நுரைக்காது. பிசுபிசு என்று திரிந்து கையில் ஒட்டிக்கொள்ளும். அது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். இவள் கையில் நுரை மொத்தமாக நின்றது. கன்னியப்பன் இஞ்சின் எண்ணெய்க் கையோடு பார்த்துக்கொண்டு நின்றவன், கிட்டே வந்தான்.

"இன்னா சாந்தி அது?"

"உன் மச்சான் பண்ணது. கெட்டுப்பூடுச்சு."

"கெட்டதே இப்டியா? ஊத்து."

அன்றைக்கு அந்தப் பாட்டில் போட்டிலேயே நின்றுவிட்டது. மறுநாள் இரண்டு பாட்டில். மூன்றாம் நாள் ஒரு கேனையே கொடுத்தனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலை, சுடர்விழி வரப்போகிறாளே என்று பஞ்சநாதன் பலகையைத் தூக்கினான். ஒரு பக்கெட் காலி. சாந்தி கிளம்பிப் போய்விட்டாள். என்னிடம் ஓடி வந்தான். எனக்குத் தெரிந்ததை மறைக்கத் தெரியாது, சொல்லிவிட்டேன்.

திட்டுவான் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, அதுல சோடா கூடப் போட்டிருக்கேன். அவனுங்க கை பூரா வலை நரம்பு வெட்டனது, முள்ளு குத்தனது. அதுல பட்டா வெந்துடும்க்கா. கைய நம்பித்தான பொழப்பு அவனுங்களுக்கு."

செருப்புகூடப் போடவில்லை. கரைப் பக்கம் நடந்தான். நானும் பின்னாலேயே போனேன். தோள் உடைந்ததிலிருந்து அவன் அந்தத் திசைக்கே திரும்பாதவன். டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். இவன் யாரையும் பார்க்கவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மணல் இருக்கிற இடத்தில் போய் நின்றான். சாந்தி கூடையோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். இவனைக் கண்டதும் எழுந்துவிட்டாள். இவன் கடலையே பார்த்தான்.

போட்டு வந்தது. அலைக்கு வெளியே நின்று சமயம் பார்த்தது. இவன் உதடு தானாக அசைந்தது. "இப்ப வாணாம். இது போவட்டும். ஆங், இப்ப." அவன் சொன்ன அதே அலையில்தான் ஏறி வந்தார்கள். யார் காதிலும் விழுந்திருக்காது, என் காதில்தான் விழுந்தது.

ஆட்கள் குதித்துப் போட்டைப் பிடித்தார்கள். இவன் முழங்கால் தண்ணியில் இறங்கி நேராக இராமதாஸ் கையைப் பிடித்தான். ஐந்து பேரில் சின்னவன் அவன்தான்.

"கையக் காட்டு."

"இன்னா மாமா?"

"திருப்புடா. வெரல விரி."

ஒவ்வொருவராகப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, விரல் இடுக்கெல்லாம் பார்த்தான். கன்னியப்பன் கடைசியாகக் கையை நீட்டினான்.

"இன்னா மச்சான், இத்தினி நாளு கழிச்சு வந்து ஜோசியம் பாக்குற? எனக்கு எத்தினி பொண்டாட்டின்னு சொல்லு."

"எரியுதா மச்சான்?"

"எது?"

"சோப்பு. எரியுதான்னு கேக்குறேன்."

"வெட்டுக்காயத்துல கொஞ்சம் சுரீர்ங்குது மாமா" என்றான் இராமதாஸ். "கடல் தண்ணியே அப்டித்தான. ஆனா மோந்து பாரு, எலுமிச்சம்பழம். எங்க வீட்டுல நேத்து எனுக்குத் தனி மரியாதை."

எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சநாதன் கன்னியப்பன் கையை இன்னும் விடவில்லை. அந்தக் கையில் எண்ணெய்க் கருப்பில்லாமல் நான் பார்த்ததே இல்லை. ரேகை தெரிந்தது. "சோடாவக் கொறைக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிறகுதான் விட்டான்.

அப்போதுதான் அவன் கண் அணியத்துப் பக்கம் போனது. அவன் நிற்கிற இடத்தில், கால் வைக்கிற முளையோடு சேர்த்து, அந்தக் கேனை வலைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தார்கள்.

கன்னியப்பன் மணலில் கூறு பிரிக்க உட்கார்ந்தான். பஞ்சநாதன் நழுவப் பார்த்தான். நான் வழியை மறித்து நின்றுகொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று கெழங்காவும் மத்தியுமாகக் கூறு விழுந்தது. ஆள் ஐந்து. கூறு ஆறு.

"ஆறாவது ஆருக்கு?" என்றான் பஞ்சநாதன். அவன் குரல் பழையபடி கடுகடுப்பாகிவிட்டது. "பாசத்துக்கு வைக்காத மச்சான். நான் எடுக்க மாட்டேன்."

கன்னியப்பன் நிமிரவில்லை. மீனைப் போட்டுக்கொண்டே சொன்னான்.

"உனுக்கு எவன் வச்சான்? இது சோப்புக்கு. நாலு நாளா கடலுக்கு வருது, வேலை செய்யுது. வலைக்குப் பங்கு இருக்குது, இஞ்சினுக்குப் பங்கு இருக்குது. சோப்புக்கு ஒரு கூறு கெடையாதா?"

"கெட்டுப்போன சோப்பு அது."

"அதான் மத்தி. நல்லாப் பண்ணி எடுத்தா, சங்கரா போடறேன்."

"வாணாம் மாமா, நல்லாப் பண்ணிடாத" என்றான் இராமதாஸ். "கெட்டியாச்சுன்னா ஒரு கையால ஊத்த முடியாது. இப்டியே இருக்கட்டும்."

பஞ்சநாதன் நின்றான். சாந்தி கூடையின் ஓலையை உரித்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து அந்தக் கூறைப் பார்த்தான். விரலால் ஒரு மீனைப் புரட்டினான்.

"இன்னா மச்சான், எல்லாம் பொடியாப் பொறுக்கிப் போட்டிருக்க? உன் கூறுல பெருசு பெருசா கெடக்குது."

மூன்று வருஷமாகப் பையில் என்ன மீன் வந்தது என்றுகூடக் கேட்காதவன். கன்னியப்பன் முணுமுணுத்துக்கொண்டே தன் கூறிலிருந்து ஒரு கெழங்காவை எடுத்து இந்தப் பக்கம் வீசினான். அவன் கண் கலங்கியிருந்ததை மறைக்கத்தான் அந்த முணுமுணுப்பு. இவன் துண்டை விரித்து மீனை அள்ளிக் கட்டிக்கொண்டு நடந்தான்.

அன்று மதியம் சாந்தி மார்க்கெட்டிலிருந்து சீக்கிரமாகவே வந்துவிட்டாள். பின்பக்கம் பஞ்சநாதன் அரிவாள்மணை போட்டு, இடது கையால் செதில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சுடர்விழி, மீதி இருந்த பக்கெட்டில் ஜெல்லைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணி ஒரு குடம் தயாராக இருந்தது. எங்கள் வீட்டில் குடிக்க வைத்திருந்த குடம் அது, கேட்காமல் தூக்கி வந்திருக்கிறான்.

சாந்தி ஒன்றும் தெரியாதவள் போலக் கூடையை இறக்கினாள்.

"மீனு ஏது?"

"கறிமீனு."

"கொழம்பா, வறுக்கவா?"

"கொழம்பு. நானே வைக்கறேன். புளி எங்க வச்சிருக்க?" என்றான். எழுந்து, தன் தண்ணிச் சோப்பை ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டான். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"உப்பு மட்டும் நீ போட்டுடு."